லாரி வந்த பக்கம்

அப்துல் ஷுக்கூருக்குத் தகரம் வெட்டுகிற சத்தம் சின்ன வயதிலிருந்தே ஆகாது. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய தகப்பனார் வாளிக்கு அடி போட்டும் மண்ணெண்ணெய்ப் புனல் செய்தும் பிழைத்தார். மகனும் அதே கத்தரிக்கோலைப் பிடிப்பான் என்று நம்பினார். மகனோ மீசை அரும்புவதற்கு முன்பே லாரியில் கிளீனராக ஏறிவிட்டான். பெங்களூருக்கும் சேலத்துக்குமாக ஓடி ஓடி, கிளீனர் டிரைவரானான். தொப்பூர் கணவாயின் ஒவ்வொரு வளைவும் அவனுக்குப் பழகிப்போனது. கவிழ்ந்து கிடக்கிற வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, அந்த இறக்கத்தில் மட்டும் அவன் பேச்சைக் குறைத்துக்கொள்வான், பாட்டுப் பாடமாட்டான், பீடிகூடப் பற்ற வைக்கமாட்டான்.

ஜுபைதாவைக் கட்டிக்கொண்ட பிறகு லாரியை விட்டார். "வூட்ல ஒரு மனுஷன் இருக்கான்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?" என்று அவள் கேட்டதுதான் காரணம். முகம்மது கவுஸ் என்பவரிடம் வாடகை வேன் ஒன்று இருந்தது. கல்யாணம், கோயில், மருத்துவமனை என்று ஊருக்குள் ஓடுகிற வண்டி. அதில் டிரைவராகச் சேர்ந்தார். பரிதா பிறந்தாள். சொல்லிக்கொள்ளும்படியான கஷ்டம் எதுவுமில்லாமல் சில வருஷங்கள் போயின.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஜனவரியில் அந்தக் கனடாப் பிள்ளைகள் வந்தார்கள். பதினைந்து பேர் இருப்பார்கள். எல்லாம் கல்லூரியில் படிக்கிறவர்கள். கிராமத்து வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்துப் படிக்க வேண்டும், போகிற இடத்தில் ஊருக்குப் பொதுவாக ஒரு வேலையும் செய்துவிட்டுப் போக வேண்டும் என்று அவர்கள் படிப்பிலேயே ஓர் ஏற்பாடு. சேலத்தில் ஒரு பேராசிரியர் அவர்களைப் பொறுப்பெடுத்துக்கொண்டார். சித்தேரி மலையில் ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே பெண்கள் தண்ணீருக்காகப் பாறை இடுக்குச் சுனைக்கு இறங்கி ஏற வேண்டும். அந்தச் சுனைத் தண்ணீரை ஊர்ப்பக்கம் திருப்பி ஒரு தொட்டியில் பிடிப்பது என்று முடிவானது. தருமபுரியிலிருந்து அடிவாரம்வரை தினமும் ஆளையும் சாமானையும் ஏற்றிப் போக கவுஸின் வேனைப் பேசினார்கள்.

முதல் நாளே ஒரு பையன் ஷுக்கூரின் பெயரைக் கேட்டுவிட்டு, "சுகர்?" என்றான். அதோடு அவர் சுகர் ஆகிவிட்டார். "குட்மார்னிங் சுகர்!" என்று பதினைந்து பேரும் கத்திக்கொண்டே வேனில் ஏறுவார்கள். ஜுபைதாவிடம் அர்த்தத்தைச் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஷுக்கூர் டிரைவர்தான். அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படுத்துத் தூங்கலாம். யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவருக்கு அது முடியவில்லை. தோல் உரிந்த கையோடு அந்தப் பிள்ளைகள் சிமென்ட் மூட்டையைப் பாதி பாதியாகப் பிரித்துச் சுமப்பதைப் பார்த்ததும் தானும் ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினார். மேலே பச்சியப்பன் என்ற குடியானவர்தான் அந்த வேலையை ஊர் சார்பில் பார்த்துக்கொண்டவர். வீட்டு வாசலில் சாமை அடிக்கிற இடத்தை ஒதுக்கி அவர்களுக்குச் சமைக்க இடம் கொடுத்தவர். ராகிக் களியை எப்படி மெல்லாமல் விழுங்குவது என்று பச்சியப்பன் செய்து காட்ட, பிள்ளைகள் விழுங்கத் தெரியாமல் மென்றுகொண்டே இருக்க, ஊரே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது.

அவர்களில் ஹெலன் என்று ஒருத்தி. உயரமான பெண், முகமெல்லாம் வெயிலில் சிவந்து தோல் உரிந்திருக்கும். வேனில் எப்போதும் டிரைவருக்குப் பின்னாலேயே உட்காருவாள். கண்ணில் படுகிறதையெல்லாம் காட்டி, "இது என்னா?" என்பாள். ஷுக்கூர் சொல்வார். ஆடு, புளியமரம், சந்தை. மறுநாள் அவளாகவே சொல்லிக்காட்டுவாள். பதிலுக்கு அவள் கற்றுக்கொடுத்த இங்கிலீஷ் வார்த்தைகள் ஷுக்கூரிடம் கொஞ்சம் சேர்ந்தன. அவை ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன; சேர்த்துப் பேச அவருக்கு வரவில்லை.

அந்த வருஷம் பொங்கலும் பக்ரீத்தும் அடுத்தடுத்து வந்தன. பொங்கலை மலையில் கொண்டாடிய பிள்ளைகளைப் பக்ரீத்துக்கு ஷுக்கூர் தன் வீட்டுக்கு அழைத்தார். இருந்த ஒரே அறையில் எல்லாரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். ஹெலன் மட்டும் அடுப்படிக்குப் போய் ஜுபைதாவோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். இருவருக்கும் கண்ணில் நீர் கொட்டியது. ஒருத்தி பேசுவது மற்றவளுக்குப் புரியாது. ஆனாலும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போகும்போது பரிதாவுக்குத் தன் தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றிக் குத்திவிட்டுப் போனாள்.

மார்ச்சில் தொட்டி முடிந்தது. தண்ணீர் விழுந்த அன்று பச்சியப்பனின் மனைவி முதல் குடத்தைப் பிடித்து ஹெலனின் தலையிலேயே கொட்டிவிட்டாள்.

ஊர் திரும்புகிற நாள். சேலத்தில் ரயிலேற்றி அனுப்ப வேண்டும். பேராசிரியர் தன் காரில் முன்கூட்டியே போய்விட்டார். ரயிலைப் பார்த்ததேயில்லை, வழியனுப்பிவிட்டு அதையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பச்சியப்பனும் வேனில் ஏறிக்கொண்டார். பீட்டர் என்ற பையன் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஹெலன் வழக்கம்போல் ஷுக்கூருக்குப் பின்னால். கணவாய் இறக்கத்தில் பச்சியப்பனுக்குத் தலை சுற்றியது. கடைசி சீட்டில் கண்ணை மூடிச் சுருண்டுகொண்டார். ஷுக்கூர் பேசவில்லை. இரண்டாவது கியரில் இடதுபக்கம் ஒட்டியபடி இறங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு வளைவில், கீழிருந்து பாரம் ஏற்றிய லாரி ஒன்று மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு காலி லாரி விலகி முந்தி வந்தது. ரோடு முழுக்க லாரியாகிவிட்டது. ஷுக்கூர் ஹாரன் அடித்தார். பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை இடதுபுறம் ஒடித்தார். ஒடிக்க அதற்குமேல் இடமில்லை. அங்கே ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவர் இருந்தது. காலி லாரி வேனின் வலது முகத்தைக் கிழித்துக்கொண்டு போனது. சுவர் உடைந்து வேன் உருண்டது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கண் விழித்தபோது மருத்துவமனையில் இருந்தார். வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப்போயிருந்தது. கட்டிலோரம் ஜுபைதா உட்கார்ந்திருந்தாள்.

"புள்ளைங்க?" என்றார்.

ஜுபைதா முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு, "ஹெலன்" என்றாள்.

மற்றவர்கள் காயங்களோடு தப்பியிருந்தார்கள். பீட்டருக்குத் தலையில் கட்டு. அவன் ஜுபைதாவைத் தேடி அந்த வார்டுக்கு வந்திருக்கிறான். அவள் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, ஷுக்கூரைக் காட்டி, "நோ மிஸ்டேக்" என்று சொல்லியிருக்கிறான். தன் கைகளையே இரண்டு வண்டிகளாக்கி, லாரி எந்தப் பக்கம் வந்தது, வேன் எந்தப் பக்கம் ஒதுங்கியது என்று காட்டியிருக்கிறான். "லாரி, ராங் சைடு. ராங் சைடு" என்று அழுதிருக்கிறான். ஷுக்கூர் மயக்கத்தில் கிடந்தபோது நடந்தது அது. அவர் தெளிவதற்குள் அவனையும் மற்றவர்களையும் சென்னைக்குக் கொண்டுபோய் விமானம் ஏற்றிவிட்டார்கள். ஹெலனின் சவப்பெட்டியும் அதிலேயே போயிற்று.

போலீசுக்கு முதலில் வாக்குமூலம் கொடுத்தது காலி லாரியின் டிரைவர். வேன்தான் வேகமாக இறங்கி வலதுபக்கம் ஏறிவந்தது என்று சொன்னான். போலீஸ் வருவதற்குள் லாரியை ஓரமாக எடுத்து நிறுத்தியாகிவிட்டது. பாரம் ஏற்றிய லாரி நிற்காமலே போய்விட்டது. அது எந்த ஊர் வண்டி என்றே தெரியவில்லை. ஷுக்கூர் மேல் வழக்குப் போட்டார்கள்.

வக்கீல் நல்ல மனுஷர். அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "பார்த்த ஆளுங்க பதினாலு பேரு கனடாவுல இருக்காங்க, பாய். ஒருத்தர் வந்து கூண்டுல ஏறினாப் போதும். ஆனா எப்படி வரவைக்கிறது?"

சம்மன் அனுப்ப மனுப் போட்டார். அது எங்கெங்கோ போனது. பதிலே வரவில்லை. பேராசிரியரைக் கேட்டார்கள். அவர் வண்டியில் இல்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகளைத் தொந்தரவு செய்ய வேண்டாம், பாதி பேர் இன்னும் பயந்துபோய்க் கிடக்கிறார்கள் என்றார். இப்படி ஒரு வழக்கு நடப்பதே பீட்டருக்குத் தெரிந்திருக்காது என்றுதான் ஷுக்கூர் நினைத்தார். கடைசிவரை அந்தப் பிள்ளைகள்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை.

ஜுபைதா சாட்சி சொல்லப் போனாள். அதுவரை அந்தத் தெருவைத் தாண்டித் தனியாகப் போகாதவள் அவள். பீட்டர் செய்ததுபோலவே இரண்டு கைகளையும் வண்டிகளாக்கிக் காட்டினாள்.

"லாரி வந்ததை நீங்க பார்த்தீங்களாம்மா?" என்று நீதிபதி கேட்டார்.

"இல்லீங்க. அந்தப் பையன் பார்த்தான். எங்கிட்ட சொன்னான்."

"அந்தப் பையன் வந்து சொன்னாத்தான் சாட்சி. நீங்க கேட்டதைச் சொல்றது சாட்சி ஆகாது."

"அவன் அழுதான், ஐயா. பொய் சொல்றவன் அப்படி அழுவானா?"

நீதிபதி பொறுமையாகத்தான் இருந்தார். அவளை இறங்கச் சொன்னார்.

மிச்சமிருந்தது பச்சியப்பன். கண்ணை மூடிக் கிடந்தேன் என்று உள்ளதைச் சொன்னால் பாய் ஜெயிலுக்குப் போய்விடுவாரே என்று அவருக்கு மனசு துடித்தது. யாரையும் கேட்காமல் தானாகவே ஒரு முடிவெடுத்துக்கொண்டு கூண்டில் ஏறினார்.

"நான் பார்த்தேனுங்க. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். லாரிதான் குறுக்க வந்துச்சு."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "லாரி என்ன நிறம்?"

பச்சியப்பன் ஷுக்கூரைப் பார்த்தார். ஷுக்கூர் தலையைக் குனிந்துகொண்டார்.

"செகப்புங்க."

லாரி பச்சை. கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். பச்சியப்பன் அடுத்த கேள்விக்கெல்லாம் "ஆமாங்க", "இல்லீங்க" என்று மாறி மாறிச் சொல்லி, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டிருந்ததையும் ஒப்புக்கொண்டார். டிரைவர் பக்கம் உண்மையில்லாததால்தானே பொய்ச்சாட்சியைக் கூட்டிவந்தார்கள் என்று எதிர்த்தரப்பு முடித்தது. ஷுக்கூருக்கு ஒரு வருஷம் தண்டனை. லைசென்ஸும் போயிற்று. மேல்முறையீட்டுக்குப் போக அவரிடம் எதுவுமில்லை.

வெளியே வராந்தாவில் பச்சியப்பன் ஷுக்கூரின் காலில் விழுந்தார்.

"எந்திரிங்க, கவுண்டரே. நீங்க எனக்காகத்தான சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு ஷுக்கூர் போலீஸ்காரரோடு நடந்தார். ஊன்றுகோலோடு அவர் வண்டியில் ஏறத் திணறியதைப் பார்த்து அந்தப் போலீஸ்காரர்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

அந்த வருஷம் ஜுபைதா பீடி சுற்றினாள். பரிதாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரோ, "வெள்ளைக்காரியக் கொன்னவன் மக" என்று சொல்லிவிட்டார்கள் என்று குழந்தை அழுதுகொண்டு வந்த அன்றைக்கு மட்டும், ஹெலன் கொடுத்த அந்தக் கிளிப்பை வாங்கி எங்கோ ஒளித்துவைத்தாள்.

ஷுக்கூர் வெளியே வந்ததும் பெங்களூர் ரோட்டில் தர்மன் என்பவரின் பஞ்சர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இனி தான் ஓட்ட முடியாத வண்டிகளின் டயரைக் கழற்றி மாட்டுகிற வேலை. தெரிந்த டிரைவர்கள் வருவார்கள். டீ வாங்கிக் கொடுப்பார்கள். அந்த விபத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பேசாமலிருப்பதே அவருக்குச் சங்கடமாக இருக்கும். தப்புச் செய்தவனிடம்தானே மனிதர்கள் அப்படி நாசூக்காக நடந்துகொள்வார்கள்!

எழுபத்தாறில் ஒரு நாள் பச்சியப்பன் மலையிலிருந்து இறங்கிக் கடைக்கே வந்தார்.

"பாய், அந்தப் பொண்ணோட அம்மா அப்பா வர்றாங்களாம். தொட்டியில அவ பேரு போட்டுக் கல்லு வெக்கிறாங்க. அடுத்த ஞாயித்துக்கெழம."

ஷுக்கூர் ட்யூபைத் தண்ணீரில் அழுத்தியபடியே இருந்தார்.

வீட்டில் சொன்னபோது ஜுபைதா யோசிக்கவேயில்லை. "போங்க. போய் அந்த அம்மாகிட்ட சொல்லுங்க. கோர்ட்டு நம்பாட்டிப் போவுது. பெத்தவ நம்பணும்."

"நான் போய் நின்னா அவங்க மனசு என்னா பாடுபடும்?"

"இவன் கொன்னான்னு நெனச்சுக்கிட்டே இருக்கறதவிடவா?"

வாரம் முழுக்க டயர் கழற்றும்போதெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. மை சைடு கரெக்ட், மேடம். லாரி ராங் சைடு. ஹெலன் குட் கேர்ள். வெரி குட் கேர்ள். இருந்த வார்த்தைகளையெல்லாம் தேடிப் பொறுக்கிக் கோத்துக்கொண்டார்.

அந்தக் காலோடு மலையேற அரை நாளாயிற்று. பச்சியப்பன் கைத்தாங்கலாக வந்தார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கல் திறந்தாகிவிட்டது. மாலை போட்ட கல்லுக்குப் பக்கத்தில் ஹெலனின் அப்பா நின்றார். அம்மா தொட்டி விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரில் கையை வைத்திருந்தாள். மகளைப் போலவே உயரம். பேராசிரியர் ஊர்க்காரர்களிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். ஷுக்கூரைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. ஆனால் அவர் வந்து தடுப்பதற்குள் ஷுக்கூர் அந்த அம்மாவிடம் போய்விட்டார்.

"மேடம். ஐ ட்ரைவர். சுகர்."

அந்தப் பெயர் அவளுக்குத் தெரிந்திருந்தது. மகள் ஊருக்கு எழுதியிருக்க வேண்டும். அவள் எழுந்து நின்றாள். திட்டவில்லை. மெதுவாக, அவருக்குப் புரிய வேண்டுமென்று வார்த்தை வார்த்தையாகப் பிரித்துக் கேட்டாள். ஹெலன், பெயின் என்ற இரண்டும் ஷுக்கூருக்குப் பிடிபட்டன. கடைசி நேரத்தில் மகளுக்கு வலித்ததா என்று கேட்கிறாள்.

கோத்து வைத்திருந்ததெல்லாம் அறுந்து போயிற்று. அவருக்குத் தெரியாது. வேன் உருளும்போதே அவருக்கு நினைவு தப்பிவிட்டது. ஹெலனை அவர் பார்க்கவில்லை. அதைத்தான் உண்மையாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். மயக்கத்துக்கு அவரிடம் இங்கிலீஷ் வார்த்தை இல்லை.

"நோ சீ, மேடம். ஹெலன் நோ சீ. ஐ ஸ்லீப்பிங்." போதவில்லையோ என்று கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினார். "வேன்... ஐ ஸ்லீப்பிங். ஃபுல் ஸ்லீப்பிங்."

அந்த அம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று. அப்பா வந்து அவள் தோளை அணைத்து அப்பால் கூட்டிக்கொண்டு போனார். ஷுக்கூர், "மேடம், லாரி ராங் சைடு" என்று பின்னாலேயே விந்தி விந்திப் போனார். அவர்கள் திரும்பவில்லை.

பேராசிரியர்தான் வந்து வழியை மறித்தார். "ஏம்பா, வண்டி ஓட்டும்போது தூங்கிட்டேன்னு அவங்ககிட்டயே போய்ச் சொல்றியே, உனக்கு மனசாட்சி இல்ல?"

ஷுக்கூருக்கு அப்போதுதான் விளங்கியது. "ஐயோ, மயக்கம்னு சொன்னேனுங்க! அடிபட்டப்புறம் மயங்கிட்டேன்னு சொன்னேன், சார்! நீங்க இங்கிலீஷ்ல எடுத்துச் சொல்லுங்க சார், ஒரு வார்த்தை!"

பேராசிரியர் கொஞ்சம் தடுமாறினார். கீழே அவர்கள் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். "இப்ப வேணாம். அவங்க இருக்கிற நெலமையில இப்ப எதுவும் பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர்கள் பின்னால் வேகமாக இறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தபோது ஜுபைதா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"பேசினீங்களா?"

"பேசினேன்."

"என்ன சொன்னாங்க?"

"கேட்டுக்கிட்டாங்க" என்றார்.

அவள் அன்றைக்கு அக்கம்பக்கத்துக்கெல்லாம் சேமியாப் பாயசம் வைத்துக் கொடுத்தாள். ஷுக்கூரும் ஒரு டம்ளர் குடித்தார்.

சில மாதம் கழித்து ஒரு சாமை மூட்டையோடு வந்த பச்சியப்பன்தான் உளறிவிட்டார். "அன்னிக்கு மட்டும் உங்களுக்கு அந்த ஒரு வார்த்த தெரிஞ்சிருந்தா, பாய்..." என்று ஆரம்பித்தவரை ஷுக்கூர் கையமர்த்தினார். அதற்குள் ஜுபைதா கேட்டுவிட்டாள். உட்கார்ந்து முழுவதையும் சொல்லச் சொல்லிக் கேட்டாள். கணவனை ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் புர்காவை எடுத்துப் போட்டுக்கொண்டு தனியாகச் சேலத்துக்குப் பஸ் ஏறினாள். அந்தக் கணவாய் வழியாகத்தான் போக வேண்டும். விசாரித்து விசாரித்துப் பேராசிரியர் வீட்டைக் கண்டுபிடித்து, வாசலிலேயே நின்று, மயக்கம் என்பதை அவர்களுக்கு எழுதுங்கள், வேறெதுவும் வேண்டாம் என்று கேட்டாள். அவர் அவளை உள்ளே வந்து உட்காரச் சொன்னார். முகவரி இருக்கிறது, நிச்சயம் எழுதுகிறேன் என்றார்.

எழுதினாரா, எழுதவில்லையா என்பது அவர்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஜுபைதா கொஞ்ச நாள் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். ஷுக்கூர் தர்மன் கடையிலேயே இருந்தார். கால் வீங்கும் நாட்களில் உட்கார்ந்தபடியே ட்யூபுக்கு ஒட்டுப் போடுவார். டயர் மாற்றிக்கொண்டு கணவாய் இறங்கப் போகிறவர்களிடம், பிரேக்கை ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வார்.